மரியாவும் ஹோசேயும்: ஸ்பானிய இரட்டைப் பெயர்களின் வரலாறு

ஹோசே லூயிஸ், ஹுவான் கார்லோஸ், மிகேல் ஆங்ஹெல், மரியா தெரேசா, மரியா தெல் கார்மென் ஆகியவை ஸ்பெயினிலும் ஸ்பானிய மொழி பேசும் அமெரிக்க நாடுகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் இடுபெயர்கள். எழுத்தில் இரண்டு, மூன்று சொற்களாக நின்றாலும் ஒவ்வொன்றும் ஒரே பெயர்தான். ஹோசே லூயிஸ் என்பவர் வீட்டிலும் அலுவலகத்திலும் ஹோசே லூயிஸ்தான். வெறும் ஹோசே என்பது இன்னொருவருடைய பெயர். ஆங்கிலேயரின் நடுப்பெயர் பெரும்பாலும் ஆவணத்தில் ஓர் எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கும். ஸ்பானிய இரட்டைப் பெயரின் பின்பாதி அவ்வாறு ஒடுங்குவதில்லை. பெண்களின் பெயர்களிலோ, முன்பாதி உதிர்ந்து பின்பாதியே அழைக்கும் பெயராக நிலைத்துவிடுவது வழக்கம்.

இடுபெயருக்குப் பின்னால் வருபவை இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலில் தந்தை வழி, அடுத்து தாய் வழி. ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் ஹோசே லூயிஸ் ரொட்ரிகெஸ் சபாதேரோவின் பெயரில் முதல் இரண்டு சொற்கள் அவருக்கு இட்ட பெயர். ரொட்ரிகெஸ் தந்தையிடமிருந்தும் சபாதேரோ தாயிடமிருந்தும் வந்தவை. கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் என்பதில் கார்சியாவை நடுப்பெயராக எண்ணி, எழுத்தாளரை வெறும் மார்க்கேஸ் என்று குறிப்பது இந்த அமைப்பை அறியாததால் நேரும் பிழை.

இடைக்காலத்தின் தொடக்கத்தில் ஸ்பெயினில் இரட்டைப் பெயர் வழக்கமாக இருக்கவில்லை. முன்பு ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் விட்டுச்சென்ற அல்போன்சோ, பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கொன்சாலோ போன்ற ஜெர்மானியப் பெயர்கள் ஏராளமாக இருந்தன. ஒருவருக்கு ஒரு பெயர் போதும். அதனுடன் தந்தையின் பெயரைச் சேர்த்தால் ஆளை அடையாளம் காணலாம். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகெஸ், பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டெஸ். 11-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு நிலைமை மெல்ல மாறியது. ரோமத் திருச்சபையின் வழிபாட்டு முறை பரவ, அதன் புனிதர்களின் பெயர்களான ஹுவான், பேத்ரோ, மார்த்தின், தொமிங்கோ பழைய பெயர்களை ஓரங்கட்டின. அதே காலத்தில் ரொட்ரிகெஸ், பெர்னாண்டெஸ் போன்றவை தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர்களாக இறுகின. தந்தையின் பெயரைச் சொல்லும் வேலையை அவை நிறுத்திக்கொண்டன. ஒரே ஊரில் ஹுவான் பெர்னாண்டெஸ்கள் பலர் இருப்பது சாதாரணமாயிற்று.

பெயர்களின் கையிருப்பு சுருங்கிய அந்த நேரத்தில்தான் அவற்றை ஏட்டில் எழுதும் வழக்கமும் வந்தது. தொலேதோ பேராயர் சிஸ்னேரோஸ் 1497-98 ஆண்டுகளில் அல்காலாவிலும் தலவேராவிலும் கூட்டிய மறைமாவட்டச் சங்கங்கள், ஞானஸ்நானம் பெறுவோரின் பெயரைப் பங்குக் குரு ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும் என்று விதித்தன. 1563-இல் முடிவடைந்த திரெந்து பொதுச்சங்கம் இத்தகைய பதிவைக் கத்தோலிக்க உலகம் முழுவதற்கும் ஒழுங்காக்கியது. சங்கத்தைத் தொடர்ந்து 1566-இல் வெளியான ரோம மறைக்கல்வி நூல், குழந்தைக்கு ஒரு புனிதரின் பெயரை இட வேண்டும், அந்தப் புனிதர் வாழ்வுக்கு முன்மாதிரியாகவும் விண்ணகத்தில் பரிந்து பேசுபவராகவும் இருப்பார் என்று அறிவுறுத்தியது. இரட்டைப் பெயரின் வேர் இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் புனிதருடையதாக இருக்க வேண்டும். எல்லோரும் விரும்பிய புனிதர்களோ சிலரே. ஆளை ஆளிலிருந்து பிரித்துக் காட்டவும் வேண்டும். ஒரு புனிதருக்குப் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்துவது இரண்டுக்கும் வழி செய்தது. குழந்தைக்குக் காவலரும் இருவராயினர்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1547-இல் பிறந்த செர்வாந்தெஸ் வெறும் மிகேல். 1599-இல் பிறந்த ஓவியர் வெலாஸ்கெஸ் வெறும் தியேகோ. 1648-இல் மெக்சிகோவில் பிறந்ததாகக் கொள்ளப்படும் பெருங்கவிஞர் ஹுவானா இனேஸ் இரட்டைப் பெயருடன் வருகிறார். 18-ஆம் நூற்றாண்டிலோ ஒற்றைப் பெயருடன் ஞானஸ்நானம் பெறுவதுதான் அபூர்வம். 1746-இல் பிறந்த கோயா, பிரான்சிஸ்கோ ஹோசே. பிரபுக்களும் அரச குடும்பத்தாரும் இதைப் பெயர்மாலையாகவே நீட்டினார்கள்.

அந்த நூற்றாண்டுகளில் ஹோசே என்ற பெயர் அடைந்த உயர்வு தனியாகக் கவனிக்கத்தக்கது. அந்தப் பெயருக்குரிய புனித சூசையப்பர் இடைக்கால ஸ்பெயினில் பெரிதாகக் கொண்டாடப்பட்டவர் அல்லர். ஆவிலா நகரின் துறவி தெரேசா 1562-இல் தொடங்கிய தமது முதல் சீர்திருத்த மடத்துக்கு அவர் பெயரையே இட்டார். அவரிடம் கேட்டது எதுவும் கிடைக்காமல் போனதில்லை என்பது தெரேசாவின் உறுதியான நம்பிக்கை. 1621-இல் சூசையப்பரின் திருநாள் கடன் திருநாளாயிற்று. 1870-இல் அவர் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். ஆண்பிள்ளைக்கு ஹோசே என்று பெயரிடுவது ஏறத்தாழ எழுதாத சட்டமாக, ஹோசே அந்தோனியோ, ஹோசே மனுவேல், ஹோசே லூயிஸ், ஹோசே ராமோன் என்று வரிசை பெருகியது. பெண்களுக்கு மரியா போல, ஆண்களுக்கு ஹோசே ஒரு முன்வாசல் ஆயிற்று.

எல்லா இரட்டைப் பெயர்களும் இருவர் பெயரைச் சேர்த்தவை அல்ல. ஒரே புனிதரின் முழுப் பெயரும் அப்படியே இடுபெயரானது. ஹுவான் பவுதிஸ்தா என்பது திருமுழுக்கு அருளப்பர். ஹுவான் எவாங்ஹெலிஸ்தா நற்செய்தி எழுதிய அருளப்பர். மிகேல் ஆங்ஹெல், அதிதூதர் மிக்கேல். பிரான்சிஸ்கோ தே பவுலா, பிரான்சிஸ்கோ தே ஆசிஸ், பிரான்சிஸ்கோ தே போர்ஹா மூவரும் மூன்று வெவ்வேறு பிரான்சிஸ்கள்; எந்தப் பிரான்சிஸின் காவலில் குழந்தை இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். இந்த வகையில் மிகப் பரவலானது பிரான்சிஸ்கோ ஹாவியேர். நவார்ராவில் இருக்கும் ஹாவியேர் கோட்டையில் பிறந்த பிரான்சிஸ்கோ 1542-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணிசெய்தார். 1622 மார்ச் 12 அன்று, லொயோலாவின் இஞ்ஞாசியார், ஆவிலாவின் தெரேசா ஆகியோருடன் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஹாவியேர் என்பது மனிதப் பெயரே அல்ல. ‘புதிய வீடு’ என்று பொருள்படும் பாஸ்க் மொழிச் சொல்லிலிருந்து வந்த ஊர்ப்பெயர். ஒரு மனிதரின் புகழால் அது ஸ்பெயினில் இடுபெயரின் பாதியாகி, பிறகு தனித்தும் வழங்கியது. தமிழகக் கடற்கரையில் அதே ஊர்ப்பெயர் சவேரியார், சவேரிமுத்து, சேவியர் என்று இன்றும் வாழ்கிறது.

பெண்களின் பெயர்களில் இரட்டைப் பெயர் இன்னும் ஆழமாக வேரூன்றியது. அங்கே அடித்தளம் ஒரே ஒருவர்: தேவதாய் மரியா. ஆனால் எல்லாப் பெண்களும் மரியாவானால் பெயரால் பயன் இல்லை. எனவே மரியாவின் பட்டங்கள் முன்வந்தன. அவளுடைய துயரம், காட்சி தந்த இடம், செய்த உதவி, விழா நாள் எல்லாம் பெயர்களாயின. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆரோக்கியமேரி, சகாயமேரி, அமலோற்பவமேரி என்று பெயரிடும் வழக்கமும் இதே பக்தி மரபின் கிளைதான். வியாகுல மாதாவை முன்னிட்டு மரியா தே லோஸ் தொலோரெஸ், செபமாலை மாதாவை முன்னிட்டு மரியா தெல் ரொசாரியோ, அமலோற்பவத்தை முன்னிட்டு மரியா தே லா கொன்செப்சியோன். மரியா தே லாஸ் நியேவெஸ் என்ற பெயருக்குரிய பனிமய மாதாவின் திருநாள் ஆகஸ்ட் 5. தூத்துக்குடியில் பனிமய மாதாவின் பெருவிழா கொண்டாடப்படுவதும் அதே நாளில்தான்.

இந்தப் பட்டங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. மரியா தெல் பிலார் என்பதன் பிலார், தூண். கி.பி. 40-இல் யாக்கோபு அப்போஸ்தலருக்கு, எப்ரோ ஆற்றங்கரையில் ஒரு கல்தூணின் மேல் மரியா காட்சி தந்தார் என்பது சரகோசா நகரின் மரபுக் கதை. அரகோன் பகுதியில் இந்தப் பெயர் இல்லாத வீட்டைத் தேட வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. மரியா தே லாஸ் மெர்செடெஸ், பார்சலோனாவில் 1218-இல் பேத்ரோ நொலாஸ்கோ தொடங்கிய துறவற சபையிலிருந்து வந்தது. முஸ்லிம் அரசுகளிடம் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதே அந்தச் சபையின் வேலை. மெர்செத் என்பது அந்த இரக்கச் செயல். பணம் போதாவிட்டால் கைதிக்குப் பதிலாகத் தாமே சிறையில் இருப்பதாகவும் சபையினர் வாக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் ஆஸ்திரிய வணிகர் எமில் யெலினெக்கின் மகளுக்கு இடப்பட்டு, அவள் வழியாக 1900-ஐ ஒட்டி ஒரு ஜெர்மானிய மோட்டார் வண்டிக்குப் போய்ச் சேர்ந்து உலகம் முழுதும் சுற்றுகிறது.

வலென்சியாவின் மரியா தே லோஸ் தெசம்பராதோஸ் இவற்றில் நெஞ்சைத் தொடும் பெயர். தெசம்பராதோஸ் என்றால் கைவிடப்பட்டவர்கள். 1409-இல் ஹோஃப்ரே என்ற துறவி, தெருவில் மனநோயாளி ஒருவரைச் சிலர் அடித்துத் துன்புறுத்துவதைக் கண்டு, அன்றைய மறையுரையில் அதைக் கண்டித்துப் பேசினார். கேட்டவர்கள் ஒன்றுசேர்ந்து மனநோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனையை எழுப்பினார்கள். ஐரோப்பாவின் தொடக்ககால மனநல மருத்துவமனைகளில் அது ஒன்று. அதைச் சார்ந்து எழுந்த பக்திசபை கைவிடப்பட்டவர்களின் தாயை வணங்கியது. நாளடைவில் பெயர் அம்பாரோ, அதாவது அடைக்கலம், என்று சுருங்கி வலென்சியாப் பெண்களின் பெயர்களில் முதன்மையானவற்றுள் ஒன்றாயிற்று.

ஊருக்கு ஊர் மாறுவதும் இந்தப் பெயர்களின் இயல்பு. மொன்செர்ராத் என்றால் கட்டலோனியா, பெகோன்யா என்றால் பில்பாவோ, கொவதோங்கா என்றால் அஸ்தூரியாஸ், மக்கரேனா என்றால் செவியா, கண்டெலாரியா என்றால் கனாரித் தீவுகள். ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டு அவளுடைய தாய்நிலத்தை ஊகிக்க முடிந்த காலம் அது. எல்லா எல்லைகளையும் கடந்து நாடு முழுதும் பரவியது கார்மென். ஹைஃபாவுக்கு அருகில் உள்ள கார்மேல் மலையில் தவம்செய்தோரின் சபையோடு வந்த இந்தப் பட்டம், கடலோடிகள் தங்கள் பாதுகாவலியாக அந்த மாதாவைக் கொண்டாடியதால் துறைமுகம் தோறும் வேர்பிடித்தது. ஜூலை 16 அன்று மீனவர்கள் அவளுடைய சிலையைப் படகில் ஏற்றிக் கடலில் பவனி கொண்டுசெல்வது இன்றும் நடக்கிறது.

ரொசாரியோ, பிலார், அம்பாரோ, கொன்சுவேலோ, ரொசீயோ எல்லாம் ஸ்பானிய இலக்கணத்தில் ஆண்பால் பெயர்ச்சொற்கள். தொலோரெஸும் ரெமேதியோஸும் ஆண்பாலோடு பன்மையும்கூட. ஆனாலும் இவை பெண்களின் பெயர்கள். முன்னால் நின்ற மரியாதான் பாலைத் தந்தாள். அவள் மறைந்த பிறகும் அந்தப் பால் பெயரிலேயே தங்கிவிட்டது. இரட்டைப் பெயரின் முழு இலக்கணமும் இந்த முன்சொல்லில் அடங்கியிருக்கிறது. ஹோசே மரியா ஆண், மரியா ஹோசே பெண். ஹேசூஸ் மரியா ஆண், மரியா ஹேசூஸ் பெண். மகனைத் தேவதாய்க்கு ஒப்புக்கொடுக்கும் அடையாளமாக மரியா ஆணின் பெயரில் இரண்டாவதாக இடம்பெற்றது. மெக்சிகோ விடுதலைப் போரின் தலைவர் ஹோசே மரியா மொரேலோஸும், 1996 முதல் 2004 வரை ஸ்பெயினின் பிரதமராக இருந்த ஹோசே மரியா அஸ்னாரும் அந்த மரபில் வந்தவர்கள். அந்தோனியோ கிளாரெத் என்ற துறவி 1850-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது தாமாகவே தம் பெயரில் மரியாவைச் சேர்த்து அந்தோனியோ மரியா கிளாரெத் ஆனார்.

அமெரிக்கக் கண்டத்தில், முன்சொல்லே பாலைக் காட்டும் இந்த விதி இன்னும் தூரம் சென்றது. 1531-இல் மெக்சிகோவின் தெப்பெயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் நிகழ்விலிருந்து குவாதலூபே மாதா மெக்சிகோவின் அடையாளமாகவே ஆனாள். மரியா குவாதலூபே பெண் என்றால், ஹோசே குவாதலூபே ஆண். எலும்புக்கூட்டுச் சித்திரங்களால் புகழ்பெற்ற செதுக்கோவியர் ஹோசே குவாதலூபே பொசாதா 1852-இல் பிறந்தவர். மெக்சிகோவின் முதல் குடியரசுத் தலைவர் விடுதலைப் போரின் நடுவே தம் ஞானஸ்நானப் பெயரை விட்டுவிட்டு, மாதாவின் பெயரையும் வெற்றியையும் சேர்த்து குவாதலூபே விக்தோரியா என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். 1856-இல் சான் ஹசின்தோ போரில் வென்ற நிகராகுவா தளபதியின் பெயர் ஹோசே தொலோரெஸ் எஸ்திராதா. வியாகுல மாதாவின் பெயரைத் தாங்கியவர் ஒரு படைத்தலைவர். புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற பழங்குடி மக்களுக்கோ குடும்பப் பெயர் பல வேளைகளில் இருக்கவில்லை. இரண்டு புனிதர் பெயர்களே அவர்களின் முழுப் பெயராக ஏடுகளில் நின்றன. ஹுவான் தியேகோவே அதற்குச் சான்று.

பெயரைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்விக்குக் குடும்பம், ஞானப்பெற்றோர், நாட்காட்டி ஆகிய மூன்றும் விடை. தாத்தாவின் பெயரோ பாட்டியின் பெயரோ முதலில் வர, பிறந்த நாளின் புனிதர் பின்னால் சேர்வது பரவலான முறை. 1744 ஜனவரி 5 அன்று ஹிஹோனில் பிறந்த அறிஞர் ஹோவெயானோஸ், மூன்று ராஜாக்கள் திருநாளையொட்டிப் பிறந்ததால் பல்தசார் மெல்கியோர் கஸ்பார் மரியா ஆனார். மூன்று ராஜாக்களையும் ஒரே குழந்தை சுமந்தது. 1881 அக்டோபர் 25 அன்று மலாகாவில் பிறந்த பிக்காசோவின் ஞானஸ்நானப் பெயர்மாலையும் இப்படிக் கோக்கப்பட்டதே. இறந்துபோன பெரியப்பாவின் பெயர் பாப்லோ. தாத்தாவின் பெயர் தியேகோ. ஞானத்தந்தையிடமிருந்து ஹுவான் நெபோமுசேனோ. ஞானத்தாயிடமிருந்து மரியா தே லோஸ் ரெமேதியோஸ். நீளத்துக்காக வேடிக்கையாகச் சொல்லப்படும் அந்தப் பெயர் உண்மையில் ஒரு குடும்பத்தின் நன்றிக்கடன் பட்டியல்.

ஆகவே இந்தப் பெயர்களின் பொருளை அகராதியில் தேடினால் கிடைப்பது பாதிதான். ஹுவான் என்பது எபிரேயத்தில் கடவுளின் அருளையும், கார்லோஸ் ஜெர்மானியத்தில் சுதந்திர மனிதனையும் குறிக்கலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்து எந்தத் தாயும் மகனுக்கு ஹுவான் கார்லோஸ் என்று பெயரிட்டதில்லை. யாரை நினைத்து இட்டார்கள் என்பதே பெயரின் பொருள்.

அன்றாட வாழ்வு நீண்ட பெயரைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. மரியா இசபெல் மரிபெல் ஆனாள். மரியா லூயிசா மரிசா. மரியா தெல் கார்மென், மாமென். மரியா தெரேசா மைத்தே ஆனபோது, பாஸ்க் மொழியில் அன்புக்குரியவள் என்று பொருள்படும் சொல்லோடு அது தற்செயலாக ஒன்றிப்போயிற்று. ஆண்களில் ஹுவான் ஹோசே ஹுவான்ஹோ, ஹுவான் மனுவேல் ஹுவான்மா, ஹோசே மரியா சேமா. தொலோரெஸ் லோலா ஆனதும், ரொசாரியோ சாரோ ஆனதும் வெளியாருக்கு எளிதில் பிடிபடாத சுருக்கங்கள். எழுத்திலோ மரியா எவ்வளவு பொதுவானாள் என்றால், முதல் எழுத்தையும் மேலே ஒரு சிறிய கடைசி எழுத்தையும் மட்டும் போட்டு அதை எழுதுவதே வழக்கமாயிற்று.

அரசுப் பதிவேடு 1871-இல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த பிறகு தேவாலயத்தின் நீண்ட மாலைகளுக்குக் கத்தரி விழத் தொடங்கியது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1938-இல் பிறப்பித்த ஆணை, பெயர்கள் காஸ்தீலிய, அதாவது ஸ்பானிய, மொழியில் மட்டுமே பதியப்பட வேண்டும் என்றது. கட்டலானியரின் ஜுசெப் மரியாக்கள் ஏட்டில் ஹோசே மரியாக்களாக எழுதப்பட்டார்கள். தாய்மொழியில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவில் இருக்கும் பெயர் வேறொன்று என்ற நிலை ஒரு தலைமுறைக்கும் மேல் நீடித்தது. 1977-இல் வந்த சட்டமே அந்த அநீதியை நீக்கியது. இப்போது நடப்பில் உள்ள 2011-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஒருவருக்கு இரண்டு தனிப்பெயர்கள் அல்லது ஒரு கூட்டுப்பெயர் என்பதே எல்லை.

1975-இல் அரியணையேறிய ஹுவான் கார்லோஸ், ஸ்பெயினை இரட்டைப் பெயருடன் ஆண்ட முதல் மன்னர். அவர் தலைமுறையில் இரட்டைப் பெயர் உச்சத்தில் இருந்தது. அரசின் புள்ளியியல் நிறுவனத்தின் கணக்கில் ஸ்பெயினில் வாழும் பெண்களிடையே மிகப் பரவலான பெயர் நெடுங்காலமாக மரியா கார்மென்தான். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைத் தாங்கியவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள். 21-ஆம் நூற்றாண்டில் பிறக்கும் பிள்ளைகளின் பட்டியலில் முன்னிற்பவை லூசியா, மார்த்தினா, ஊகோ, மத்தேயோ போன்ற ஒற்றைப் பெயர்கள். அமெரிக்க நாடுகளில் வழக்கம் இன்னும் உறுதியாக இருக்கிறது, ஆனால் அங்கேயும் சேர்க்கைகள் மாறிவிட்டன: புனிதர் இருவரைச் சேர்ப்பதைவிட, காதுக்கு இனிமையான இரண்டு பெயர்களைச் சேர்ப்பதே இன்றைய பெற்றோரின் விருப்பம்.